விண்டோஸ் பதினொன்றும் ஆயில்ய நட்சத்திரமும்

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடை வரிசையில் விஜேந்திரனின் கொமியுனிகேஷன் ஆறடி அகலம், ஒன்பதடி நீளம். அதற்குள் ஒரு கொம்பியூட்டர், ஒரு ஃபோட்டோ கொப்பி மெஷின், ஒரு பிரிண்டர், பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு நீலத் துணி, விஜேந்திரன், அவருடைய தங்கை சுபாஜினி இவ்வளவும் இருந்தன. யாராவது உள்ளே வந்தால் யாராவது வெளியே போக வேண்டும். பெரும்பாலும் விஜேந்திரன்தான் போவார்.

அந்த வருசம் சித்திரை பிறந்ததிலிருந்து, காலையில் கொம்பியூட்டரைப் போட்டதும் திரை முழுக்க ஓர் அறிவித்தல் வந்துகொண்டிருந்தது. விண்டோஸ் டென்னின் காலம் ஒக்டோபர் பதினாலாம் திகதியோடு முடிகிறது, இலெவனுக்கு மாறுவது நல்லது என்று. கீழே 'பிறகு ஞாபகப்படுத்து' என்று ஒரு பொத்தான். விஜேந்திரன் அதை அழுத்திவிட்டு, முருகன் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார். இரண்டையும் அவர் ஒரே மாதிரி பக்தியோடுதான் செய்தார்.

"அண்ணே, இத எத்தன நாளைக்குத் தள்ளிப் போடப் போறீங்க?" என்று சுபாஜினி ஆவணி மாதத்தில் ஒருநாள் கேட்டாள்.

"ஓடுதுல்ல."

"ஓடுது. பதினாலாந் தேதிக்குப் பொறகு பாதுகாப்பு இல்லன்னு அவங்களே எழுதியிருக்காங்க. தோட்டத்துச் சனத்தோட அடையாள அட்டை நம்பரு, பேங்க் நம்பரு எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. நாளைக்கு எவனாவது எடுத்துட்டா என்னா சொல்லுவீங்க?"

விஜேந்திரன் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். ஆனாலும் மாற்ற மனம் வரவில்லை. அதற்குக் காரணம் ஜாதகம்.

இரண்டாயிரத்துப் பத்தில் கடை தொடங்கியபோது, பதுளையில் ஒரு கடையில் சீடி ஒன்று வாங்கினார். திருச்சிப் பக்கத்தில் யாரோ செய்த ஜாதகப் புரோகிராம். பிறந்த திகதி, நேரம், ஊர் மூன்றையும் அடித்தால் ஐந்து நிமிடத்தில் பதினொரு பக்கம் வரும். அப்போது பசறையில் அப்படி ஒன்று வேறு எங்கும் இல்லை. சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பஸ் ஏறி வந்தார்கள். பொருத்தம் வந்தால் சிரித்துக்கொண்டு போனார்கள். வராவிட்டால் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர், "நான் ஒண்ணும் சொல்லலீங்க, மெஷின் சொல்லுது," என்பார். ஜோசியம் அவருக்குத் தெரியாது. அதில் நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தப் பழைய புரோகிராமை டென்னில் ஓட வைத்தவன் பதுளை முன்ஸிப். கொம்பியூட்டர் திருத்துகிறவன், முப்பது வயது. சுபாஜினி அவனுக்குத்தான் ஃபோன் போட்டாள். புரட்டாசி முதல் சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். விஜேந்திரன் வெளியே போனார்.

முன்ஸிப் கால் மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான். "மெஷின் தாங்கும் அண்ணன். இலெவன் நல்லா ஏறும். ஆனா இந்த ஜாதகம் அதுல ஓடாது. டென்னுலயே கெஞ்சிக் கூத்தாடித்தான் ஓட்டி வச்சிருக்கேன்."

"அப்ப அதுக்குன்னு ஒரு பழைய மெஷின் தனியா வச்சுக்கலாமா?" என்று வாசலில் நின்ற விஜேந்திரன் கேட்டார்.

"வைக்கலாமே."

"எங்க வைக்கிறது?" என்றாள் சுபாஜினி.

மூவரும் கடையைப் பார்த்தார்கள். அந்த யோசனை அதோடு முடிந்தது.

"அதே மாதிரி புதுப் புரோகிராம் இரிக்கு அண்ணன். என்ட லெப்டொப்ல போட்டு வந்திருக்கேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்று முன்ஸிப் லெப்டொப்பைத் திறந்தான். "ஒரு பிறந்த திகதி சொல்லுங்க."

விஜேந்திரன் தன்னுடையதைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுபாஜினி, கொப்பிகளை அடுக்கிக்கொண்டே, திரும்பாமல் தன்னுடையதைச் சொன்னாள். எண்பத்தைந்தாம் வருசம், காலை ஆறு பத்து, பதுளை.

முன்ஸிப் அடித்தான். "நட்சத்திரம் மகம். ராசி சிம்மம்."

"ஆயில்யம்," என்றார் விஜேந்திரன்.

"மகம்னுதான் இரிக்கு அண்ணன்."

"தேதிய மாத்தி அடிச்சிருப்பீங்க தம்பி."

முன்ஸிப் மறுபடி அடித்தான். மகம். விஜேந்திரன் உள்ளே வந்தார். அதனால் முன்ஸிப் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் தன்னுடைய கொம்பியூட்டரில் பழைய புரோகிராமைத் திறந்து அதே திகதியையும் நேரத்தையும் அடித்தார். ஆயில்யம். இரண்டு திரைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இதுல எது நல்லது?" என்று முன்ஸிப் கேட்டான். அவனுக்கு உண்மையாகவே தெரியாது. முஸ்லிம்களான அவனுடைய ஆட்கள் ஜாதகம் பார்ப்பதில்லை.

விஜேந்திரன் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்வதற்குச் சங்கடமாக இருந்தது. ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். வீட்டுக்கு வந்தால் மாமியார் போய்விடுவாளாம். மகத்தில் பிறந்தவளோ ஊரையே ஆளுவாள் என்பார்கள். நட்சத்திர வரிசையில் ஒன்றுக்கு அடுத்த இடத்தில்தான் மற்றது இருக்கிறது.

முன்ஸிப் இரண்டு புரோகிராமையும் குடைந்தான். "விளங்கிட்டு அண்ணன். பழையது வாக்கியப் பஞ்சாங்கம். புதுசுல திருக்கணிதம் போட்டிருக்கு. ரெண்டு கணக்கு. வாக்கியத்துல அண்டைக்கு ஆயில்யம் முடியிறது ஆறு முப்பத்தொண்டுக்கு. திருக்கணிதத்துல அஞ்சு அம்பத்திரண்டுக்கே முடிஞ்சிரிச்சு. உங்கட தங்கச்சி பிறந்தது நடுவுல."

"புதுசுல வாக்கியம் இல்லையா?"

"இரிக்கே. ரெண்டும் இரிக்கு. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். பழையது கேக்கல, அதுக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். இது முதல்லயே கேக்கும்."

சுபாஜினி, "அப்படியா," என்றாள். பிறகு கொப்பிகளுக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு பின். ஒன்றும் தவறவில்லை.

விஜேந்திரன் முன்ஸிப்பிடம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். அன்று மாலை வரை யோசித்தார். யோசித்தது விண்டோஸைப் பற்றி அல்ல.

சீடி வாங்கிய அன்று, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவர் முதன்முதலாக அடித்ததே தங்கையின் ஜாதகத்தைத்தான். பிறந்தபோது ஐயர் எழுதிக் கொடுத்த ஜாதகக் கொப்பி, தோட்டத்து லய வீட்டுக் கூரை ஒழுகி எப்போதோ ஊறிப் போயிருந்தது. பதினொரு பக்கத்தையும் கொண்டுபோய்த் தாய் கருப்பம்மாவிடம் காட்டினார். "ஆயில்யமா? ஐயரு மகம்னுதானடா சொன்னாரு," என்றாள் கருப்பம்மா. "அம்மா, இது கொம்பியூட்டரு," என்றார் விஜேந்திரன். கருப்பம்மா அதை ஏற்றுக்கொண்டாள். கொம்பியூட்டர் அப்போது புதிது.

அந்த வருசமே கொஸ்லந்தயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சதீஸ்குமார், தோட்டப் பாடசாலையில் வாத்தியார். எல்லாம் பேசி முடிந்தபிறகு மாப்பிள்ளையின் தாய் வடிவம்மா ஜாதகத்தைப் பார்த்தார். "எனக்கு இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும்னு ஆச தம்பி," என்று தாழ்மையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு இடம் வந்தது. அந்த இரண்டிலும் மாமியார்கள் இருந்தார்கள். இப்போது கருப்பம்மா இல்லை. சுபாஜினிக்கு நாற்பது வயது. விஜேந்திரனின் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் இவர்களோடு அதே வீட்டில் இருந்தாள். கடையை நடத்துவது அவள்தான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை விஜேந்திரன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். "பண்டாரவளைக்குப் போயி பிரிண்டர் வெல விசாரிச்சுட்டு வர்றேன்," என்றார்.

"நம்ம பிரிண்டருக்கு என்னா?" என்று சுபாஜினி கேட்டாள்.

"விசாரிச்சு வச்சுக்கிறது நல்லதுதானே."

அவரிடம் ஒரு கபில நிறக் கவர் இருந்தது. அதற்குள் இரண்டு ஜாதகம். பழையதை அவர் அடித்தார். புதியதை முன்ஸிப்பிடம் சொல்லி ஃபோனுக்கு எடுத்து, சுபாஜினி சாப்பிடப் போன நேரத்தில் அடித்துக்கொண்டார். பதுளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஹப்புத்தளை வழியாக ஒன்று, பெரகல சந்தியில் இறங்கி இன்னொன்று. வடிவம்மாவிடம் என்ன சொல்வது என்று வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவும் அல்ல, குறை சொல்லவும் அல்ல. ஒரு பிழை நடந்திருக்கலாம், அது தெரிந்திருக்க வேண்டியவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான். ஹப்புத்தளைக்கு வந்தபோது அது மிகவும் நியாயமாக இருந்தது. கொஸ்லந்தயில் இறங்கியபோது கொஞ்சம் குறைந்திருந்தது.

சதீஸ்குமார் மாஸ்டரின் வீட்டைக் கடைக்காரர்கள் காட்டினார்கள். பாடசாலை விட்டு அப்போதுதான் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. விஜேந்திரனை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. தெரிந்ததும் மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டு, "வாங்க, உள்ள வாங்க," என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் விஜேந்திரன் சுவரைப் பார்த்தார். வடிவம்மா மாலையோடு சட்டத்துக்குள் இருந்தார். கீழே வருசம் போட்டிருந்தது, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு.

மாஸ்டரின் மனைவி நிஷாந்தினி பிளேன்டீ கொண்டு வந்தாள். அவர் படத்தைப் பார்ப்பதைக் கவனித்து, "மாமி," என்றாள். "எங்களுக்குக் கல்யாணமாகி எட்டாவது மாசம். சீனி வருத்தம். கால்ல புண்ணு வந்து ஆறவேயில்ல. எங்களுக்கு ஒம்பது பொருத்தம்னு எல்லாருக்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

"ஒம்பதா," என்றார் விஜேந்திரன்.

"பத்துக்கு ஒம்பது. நீங்க பசறையா? நாங்க மடுல்சீமை. எங்கப்பா பசறையிலதான் பார்த்தாரு. பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால ஒரு கொமியுனிகேஷன் இருக்குமே, சின்னக் கடை."

"இருக்கு," என்றார் விஜேந்திரன். அந்தப் பொருத்தத்தை அடித்த ஞாபகம் அவருக்கு இல்லை. எத்தனையோ அடித்திருக்கிறார்.

நிஷாந்தினி அடுப்படிக்குப் போனாள். அவளுக்குத் தன்னை யாரென்று தெரியாது என்பது விஜேந்திரனுக்குப் புரிந்தது. சதீஸ்குமார் மாஸ்டர் அவருடைய மடியில் இருந்த கவரைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தார். "என்ன விசயமா வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

விஜேந்திரன் தேநீரைக் குடித்து முடித்தார். "கொம்பியூட்டர் விசயமா," என்றார்.

மாஸ்டரின் தோள் இரண்டும் இறங்கின. "நல்லதாப் போச்சு," என்றார். "எங்க ஸ்கூல்ல ஆறு மெஷின் இருக்கு. எல்லாத்துலயும் ஒரு அறிவித்தல் வருது, டென் முடியுதுன்னு. யாருக்கிட்ட கேக்கிறதுன்னு தெரியாம இருக்கேன். மாத்தணுமா?"

"நானும் அதுதான் யோசிக்கிறேன்."

"மாத்தினா பழசெல்லாம் அழிஞ்சிருமா?"

"கொப்பி எடுத்து வச்சுக்கலாம். ஆனா சிலது புதுசுல தொறக்காது."

"அப்ப மாத்தாம விட்டா?"

"ஓடும். என்னமாவது நடந்தா கேக்கிறதுக்குத்தான் ஆளு இருக்காது."

மாஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். ஆறு மெஷினில் இரண்டை முதலில் மாற்றிப் பார்ப்பது, சரி வந்தால் மற்ற நான்கு என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். விஜேந்திரன் முன்ஸிப்பின் நம்பரையும் கொடுத்தார். வந்த காரியம் அதுதான் என்பது போலவே ஆகிவிட்டது. பஸ் தரிப்பிடம் வரை மாஸ்டர் கூட வந்தார். பஸ் வளைவில் தெரிந்தபோது, ரோட்டைப் பார்த்தபடி, "தங்கச்சி சொகமா?" என்று கேட்டார்.

"சொகம். கடையிலதான் இருக்கா."

மாஸ்டர் தலையாட்டினார். விஜேந்திரன் பஸ்ஸில் ஏறினார். கவர் அவருடைய கையிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் கடைக்குப் போனபோது கொம்பியூட்டர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவருக்குத் தெரியாத ஒரு நீலம். கீழே இடது மூலையில் இருந்த பொத்தானெல்லாம் நடுவுக்கு வந்திருந்தது.

"நேத்து முன்ஸிப்பை வரச் சொன்னேன்," என்றாள் சுபாஜினி. "மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டாரு."

"என்னையக் கேக்கலையே."

"அஞ்சு மாசமா கேட்டேனே அண்ணே."

அது சரிதான். விஜேந்திரன் வாசலில் நின்றார். ஊதுபத்தியை அவளே கொளுத்தியிருந்தாள்.

"பிரிண்டர் வெல எப்படி?"

"கூட."

"அண்ணி ஒங்க சட்டையத் தொவைக்க எடுத்தப்ப பெரகலயிலருந்து கொஸ்லந்தைக்கு ஒரு டிக்கட் கெடந்துச்சாம்."

விஜேந்திரன் எதிரே நின்ற பஸ்களைப் பார்த்தார். லுணுகலை பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. "அந்தம்மா செத்துப் போச்சு," என்றார். "பன்னெண்டுலயே."

சுபாஜினி கையிலிருந்த தாள் கட்டை மேசையில் வைத்தாள். "எப்படி?"

"சீனி வருத்தம்."

"பாவம்," என்றாள். "அவரு இன்னும் மூக்க உறிஞ்சி உறிஞ்சித்தான் பேசுறாரா?"

விஜேந்திரன் நினைத்துப் பார்த்தார். "ஆமா."

"அப்பவே எனக்கு அது பிடிக்கல. நீங்க எல்லாரும் அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க, அதனால சொல்லல. அது நின்னுபோனது எனக்கு நிம்மதி."

அது உண்மையாக இருக்கலாம். அண்ணனின் ஆறுதலுக்காகச் சொல்வதாகவும் இருக்கலாம். விஜேந்திரனுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஆனால் நெஞ்சில் மூன்று பஸ் தூரத்துக்கு ஏறியிருந்த பாரம் கொஞ்சம் கீழே இறங்கியது.

"ரெண்டாவது வந்தவருக்கு வயசு கூட," என்று சுபாஜினி மேலே சொன்னாள். தாள் கட்டை மறுபடி எடுத்து ஓரங்களைத் தட்டிச் சமன் செய்தாள். "மூணாவதா லுணுகலையிலருந்து வந்தவரு மட்டும் பரவாயில்ல."

விஜேந்திரன் திரும்பினார். அந்த ஆளின் பெயரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். முகம்கூட வரவில்லை. கடைசல் பட்டறையோ என்னவோ வைத்திருந்தான், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் வடை தின்றுவிட்டுப் போனான் என்பது மட்டும் வந்தது.

"அவரு பேரு என்னா?"

"ஜெயசீலன்," என்றாள், யோசிக்காமல். ஒரு பெண் பிறப்புச் சான்றிதழ் கொப்பி எடுக்க உள்ளே வந்தாள். விஜேந்திரன் வெளியே போனார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது அவர் தயங்கித் தயங்கி, "நான் வேணும்னா லுணுகலைப் பக்கம் போயி…" என்று ஆரம்பித்தார்.

"வேணாண்ணே," என்றாள் சுபாஜினி. "நீங்க போனா விண்டோஸப் பத்தித்தான் பேசிட்டு வருவீங்க."

கொஸ்லந்தயில் என்ன பேசினார் என்று அவர் அவளிடம் சொல்லவே இல்லை. தங்கைக்கு அண்ணனைத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பசறையில் சந்தை கூடும் நாள், கடையில் கூட்டம் நெருக்கும் நாள், சுபாஜினி பச்சைச் சேலை கட்டிக்கொண்டு காலை எட்டரை லுணுகலை பஸ்ஸில் ஏறினாள். "ஒரு வேலையாப் போறேன், கடையப் பாத்துக்கங்க," என்றாள். விஜேந்திரன் சரி என்றார்.

பத்து மணிக்குத் தோட்டத்து மேற்பிரிவிலிருந்து அங்கம்மா வந்தாள். மகனுக்குக் கல்யாணம். இரண்டு பிறந்த திகதிகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டு வந்திருந்தாள். விஜேந்திரன் நடுவுக்கு வந்திருந்த பொத்தானைத் தேடிப் பிடித்துப் புதுப் புரோகிராமைத் திறந்தார். முன்ஸிப் சொன்னது போலவே அது முதலில் கேட்டது: வாக்கியமா, திருக்கணிதமா? சுபாஜினி அதைத் தொடாமலே விட்டிருந்தாள்.

விஜேந்திரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். "இதுல ரெண்டு கணக்கு இருக்கும்மா," என்று அங்கம்மாவிடம் சொன்னார். "ஒண்ணுல ஒரு மாதிரி வரும், மத்ததுல வேற மாதிரி வரலாம். எது சரின்னு எனக்குத் தெரியாது. இவ்வளவு நாளும் ஒண்ணத்தான் அடிச்சுக் குடுத்திருக்கேன்."

"ரெண்டையும் அடிங்களேன்," என்றாள் அங்கம்மா.

"பொருத்தம் ஒண்ணுல வந்து ஒண்ணுல வராமப் போனா?"

"பொருத்தமா? அதெல்லாம் யாருக்கு வேணும். அவுங்க ரெண்டு பேரும் நாலு வருசமாப் பேசிக்கிட்டிருக்காங்க. கல்யாணத்துக்கு நாளு பாக்க வந்தேன்."

விஜேந்திரன் இரண்டு கணக்கிலும் நாள் பார்த்தார். வாக்கியம் ஒரு திகதியைச் சொன்னது, திருக்கணிதம் இன்னொன்றை. இரண்டையும் ஒரே தாளில் அடித்துக் கொடுத்தார். அங்கம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். "இதுல எந்த நாளைக்கு மண்டபம் கெடைக்குதோ அத வச்சுக்குவோம்," என்று மடித்துச் சேலை முந்தியில் செருகிக்கொண்டு போனாள். அவ்வளவு லேசாக ஒருத்தர் அந்தக் கடையிலிருந்து ஜாதகத்தோடு போய் விஜேந்திரன் பார்த்ததில்லை.

மாலை நாலரைக்கு லுணுகலை பஸ் வந்தது. சுபாஜினி இறங்கி ரோட்டைக் கடந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய முகத்தில் எப்போதும் ஒன்றும் தெரிவதில்லை. பையை ஆணியில் மாட்டிவிட்டு, அன்று சேர்ந்திருந்த கொப்பிகளைப் பார்த்தாள். மூன்று கட்டு தலைகீழாகக் கொப்பி எடுக்கப்பட்டிருந்தது. அவற்றைத் திரும்ப எடுக்கத் தொடங்கினாள்.

விஜேந்திரன் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டிலும் கேட்கவில்லை. அவருடைய மனைவி இரண்டு தடவை கண்ணால் தூண்டிப் பார்த்தாள். அவர் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு காலை கடையைத் திறந்தபோது, சுபாஜினி கொம்பியூட்டர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டியிருந்தாள். இலெவனில் எந்தப் பொத்தான் எங்கே, எப்படி மூடுவது, கொப்பி தலைகீழாகப் போகாமல் இருக்க என்ன செய்வது என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. விஜேந்திரன் அதை வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் எட்டரை லுணுகலை பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தாள்.